சீட்டில் மணிக்கட்டு என்று இருந்தது

பிசியோதெரபி படித்து முடித்து எட்டு வருடம் கழித்துத்தான் நான் யோசிக்க ஆரம்பித்தேன். அதுவரை வேலை பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஓசூரில் ஒரு டைல்ஸ் கடைக்கு மேலே முதல் மாடியில் இருந்தது எங்கள் கிளினிக். நான்கு கட்டில், நான்கு திரை, இரண்டு கரண்ட் மெஷின், ஒரு மெழுகுத் தொட்டி. லிஃப்ட் கிடையாது. முழங்கால் வலிக்காரர்கள் இருபத்திரண்டு படி ஏறி வந்து, ஏறியதால் கூடிய வலிக்கும் சேர்த்துச் சிகிச்சை எடுத்துக்கொண்டு, இருபத்திரண்டு படி இறங்கிப் போவார்கள். வருகிறவர்களில் பாதிக்கு மேல் கம்பெனி ஆட்கள். திருநெல்வேலி, தஞ்சாவூர், விழுப்புரம் என்று எல்லா ஊர்த் தமிழும் அந்த நான்கு திரைகளுக்குப் பின்னால் கேட்கும். நானே விருதுநகர்ப் பக்கம். கணவருக்கு இங்கே வேலை கிடைத்ததால் வந்தவள். அப்போது வந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது.

டாக்டர் எழுதிய சீட்டோடு வருவார்கள். 'கழுத்து வலி, பத்து நாள்' என்று இருக்கும். நான் கழுத்துக்குப் பத்து நாள் கொடுப்பேன். பத்து நிமிடம் சூடு, பதினைந்து நிமிடம் கரண்ட், கடைசியில் ஐந்து உடற்பயிற்சிப் படம் போட்ட ஒரு தாள். சிலருக்குச் சரியாகிவிடும். அது என்னால்தான் என்று நினைத்துக்கொள்வேன். சிலருக்குச் சரியாகாது. அவர்கள் வீட்டில் உடற்பயிற்சி செய்யவில்லை என்று நினைத்துக்கொள்வேன். இந்த ஏற்பாட்டில் நான் தோற்பதற்கு வழியே இல்லை. எட்டு வருடம் தோற்காமல் இருந்தேன்.

ஓசூரை அடுத்த பேரிகைப் பக்கத்திலிருந்து ஒரு விவசாயி தன் மனைவியை அழைத்துக்கொண்டு வந்தார். அவருக்கு ஐம்பத்தைந்து வயது இருக்கும், அந்த அம்மாவுக்கு ஐம்பது. தக்காளியும் கோஸும் போடுகிறவர்கள். வீட்டில் தெலுங்கு. சீட்டில் இரண்டு மணிக்கட்டிலும் நரம்பு அழுத்தம், பத்து நாள் என்று எழுதியிருந்தது.

"என்ன பண்ணுதுக்கா?" என்று அந்த அம்மாவிடம் கேட்டேன்.

"கையில புடிச்சது நிக்க மாட்டேங்குதுங்கம்மா" என்றார் கணவர். "தக்காளி பறிச்சா கீழ வுழுது. சொம்பு வுழுது. போன் கூட வுழுந்து கண்ணாடி ஒடஞ்சிடுச்சி."

"எவ்வளவு நாளா?"

"அது ஆச்சுங்க நாலஞ்சு மாசம்."

அந்த அம்மா கணவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குத் தமிழ் தெரியாது என்று நான் முடிவு செய்தேன். அதன் பிறகு எல்லாக் கேள்வியையும் கணவரிடமே கேட்டேன். இரண்டு கைக்கும் மெழுகு ஒத்தடம், மணிக்கட்டுக்குப் பட்டை, விரல்களுக்கு நான்கு பயிற்சி. என் வேலை சுத்தமாக இருந்தது. மெழுகுச் சூடு கூட ஒரே அளவாக இருக்கும்.

ஆறாம் நாள் முன்னேற்றம் எப்படி என்று கேட்டேன். கணவர் பெருமூச்சு விட்டார்.

"என்னா சொல்றதுங்கம்மா. இவளுக்கு ஒடம்பெல்லாம் திம்மிரி."

எங்கள் ஊரில் ஒருவரைப் பார்த்து உடம்பெல்லாம் திமிர் என்றால் அதற்கு ஒரே அர்த்தம்தான். கட்டிலில் படுத்திருக்கிற மனைவியைப் பற்றி அடுத்தவள் முன்னால் இப்படிச் சொல்கிறாரே என்று எனக்குக் கோபம் வந்தது.

"அண்ணே, முடியாம வந்திருக்காங்க. அவங்கள அப்படிப் பேசாதீங்க" என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார். "இல்லீங்கம்மா, நெசமாத்தான் சொல்றன்" என்றார். நான் திரையை இழுத்துவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனேன். பெண்களின் பக்கம் நின்ற திருப்தி அன்று முழுக்க இருந்தது.

எட்டாம் நாள், கணவர் கீழே வண்டியை நகர்த்தப் போயிருந்தபோது, அந்த அம்மா முதல் முறையாகத் தானே பேசினார்.

"காலுல போட்ட செருப்பு கழண்டு போவுதும்மா. போனது கூட எனக்குத் தெரியறதில்ல. திரும்பிப் பாத்தா பத்தடி பின்னால கெடக்குது."

பதில் என்னிடம் தயாராக இருந்தது.

"பின்னாடி வார் வச்ச செருப்பா வாங்கிக்கோங்கக்கா."

மறுநாள் அதே மாதிரி வாங்கிப் போட்டுக்கொண்டு வந்தார். பழுப்பு நிறம். நன்றாக இருக்கிறது என்று சொன்னேன். சுவரைப் பிடித்துக்கொண்டுதான் படி ஏறி வந்தார். அதையும் பார்த்தேன். எங்கள் படியில் எல்லாரும் சுவரைப் பிடித்துக்கொண்டுதான் ஏறுவார்கள்.

பத்து நாள் பன்னிரண்டு நாள் ஆனது. கையில் மாற்றம் இல்லை. வீட்டில் பயிற்சி செய்திருக்க மாட்டார் என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை கிருஷ்ணகிரிக்குப் போனேன். என்னோடு படித்தவள் ஒருத்தி அங்கே ஒரு ஆஸ்பத்திரியில் இருக்கிறாள். கிருஷ்ணகிரியிலேயே பிறந்து வளர்ந்தவள். தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒரே வாக்கியத்தில் வரும். அவள் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து அவரைக்காய் நரம்பெடுத்துக்கொண்டு கதை பேசினோம். மாமியார், பள்ளிக்கூடம், வாடகை எல்லாம் முடிந்த பிறகு வேலைக்கு வந்தோம். ஒத்துழைக்காத நோயாளிகளுக்கு உதாரணமாகத்தான் பேரிகை அம்மாவைச் சொன்னேன்.

"மணிக்கட்டுதான்னு எப்படிச் சொல்ற?" என்றாள்.

"சீட்டுல அப்படித்தான இருக்கு."

"சீட்டுல இருக்கறது டாக்டர் நெனச்சது. நீ என்னா நெனச்ச?"

நான் ஒரு அவரைக்காயை முழுசாக உரித்து முடித்தேன். யோசித்துப் பார்த்ததில், நான் எதுவும் நினைத்திருக்கவில்லை.

"சரி, மணிக்கட்டு இல்லன்னா வேற என்னாவா இருக்கும்?"

"தெரியலடி. ரெண்டு கையும் ஒரே மாதிரி இருக்கு. அந்தாளு வேற பொண்டாட்டிய உடம்பெல்லாம் திமிருங்கிறாரு. அந்தம்மாவுக்கு என்ன டென்ஷனோ."

அவள் அரிவாள்மனையிலிருந்து நிமிர்ந்தாள். "என்னான்னு சொன்னாரு? அதே வார்த்தையச் சொல்லு."

சொன்னேன்.

"ஏன்டி, திம்மிரின்னா தெலுங்குல மரத்துப்போறது. ஒடம்பெல்லாம் மரத்துப்போவுதுன்னு சொல்லியிருக்காரு அந்த மனுசன்."

நான் அவரைத் திட்டியதை அப்போது அவளிடம் சொல்லவில்லை. அன்று மாலைதான் சொன்னேன்.

"கால் எப்படி இருக்குது? நடக்கறப்ப பாத்தியா?"

"கால் நல்லாத்தான் இருக்கு. செருப்பு மட்டும் கழண்டு போகுது, தெரிய மாட்டேங்குதுன்னு சொன்னாங்க."

"அதுக்கு நீ என்னா பண்ண?"

"வார் வச்ச செருப்பு வாங்கச் சொன்னேன்."

அவள் சிரிப்பாள் என்று எதிர்பார்த்தேன். சிரித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். எழுந்து போய்க் கை கழுவிவிட்டு வந்து எதிரே உட்கார்ந்தாள்.

"ரெண்டு கை. ரெண்டு கால். ஒடம்பெல்லாம் மரப்பு. மணிக்கட்டு காலுக்கு எப்படிடி போவும்? கழுத்தப் பாரு. கழுத்துல தண்டுவடம் நசுங்கினா இப்படித்தான் வரும். நடக்க வெச்சுப் பாரு. ஒண்ணுக்கு அடக்க முடியுதான்னு கேளு."

இதெல்லாம் எனக்குத் தெரியாதது இல்லை. மூன்றாம் வருடப் பாடம். தேர்வில் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறேன். கேள்வித்தாளில் 'தண்டுவட அழுத்தத்தின் அறிகுறிகளை விவரி' என்று இருந்தால் இன்றைக்கும் எழுதுவேன். கேள்வி செருப்பு போட்டுக்கொண்டு வந்ததால் அடையாளம் தெரியவில்லை.

பிறகு அவள் தன் கதையைச் சொன்னாள். ஊத்தங்கரையிலிருந்து வந்த ஒருவரின் முழங்காலுக்கு ஒரு மாதம் சிகிச்சை கொடுத்திருக்கிறாள். கோளாறு இருந்தது இடுப்பு மூட்டில். "அவரு முட்டியக் காட்டினாரு, நான் முட்டியப் பாத்தன். அவரு இன்னும் என்னையப் பாத்தா கும்புடுறாரு, அதான் தாங்க முடியல" என்றாள்.

திங்கட்கிழமை அந்த அம்மா வரவில்லை. கணவருக்குப் போன் செய்தேன்.

"தக்காளி பறிப்பு நடக்குதுங்கம்மா. ஆளுங்க கெடைக்கல. ஒரு பத்து நாளு போவட்டும், கூட்டிட்டு வரன்."

பத்து நாள் போகக்கூடாது என்பது மட்டும் எனக்குத் தெரிந்திருந்தது. செவ்வாய்க்கிழமை அரை நாள் லீவு சொல்லிவிட்டு ஸ்கூட்டரில் பேரிகைக்குக் கிளம்பினேன். தோழி நான்கு தெலுங்குக் கேள்விகளைப் போனில் சொல்ல, தமிழ் எழுத்தில் ஒரு தாளில் எழுதி வைத்திருந்தேன்.

தோட்டத்தில் தக்காளி போடும் பிளாஸ்டிக் கிரேடுப் பெட்டிகள் அடுக்கியிருந்தன. கணவர் லாரிக்காரருடன் சத்தமாகப் பேசிக்கொண்டிருந்தார். அந்த அம்மா ஒரு கிரேடைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்து பழம் பிரித்துக்கொண்டிருந்தார். ஒவ்வொரு பழத்தையும் கையில் எடுப்பதற்கு முன் கண்ணால் பார்த்துப் பிடித்தார். பார்க்காமல் எடுத்தது உருண்டு போனது. பன்னிரண்டு நாள் அந்தக் கையை மெழுகில் முக்கி எடுத்திருக்கிறேன். அது வேலை செய்து அன்றுதான் பார்த்தேன்.

அருகில் குந்தி உட்கார்ந்து தாளைப் பிரித்து முதல் கேள்வியைத் தெலுங்கில் படித்தேன். அவர் முழுவதும் கேட்டார். பிறகு, "எனக்குத் தமிழு வருமேம்மா" என்றார். செருப்பைப் பற்றி அன்று சொன்னதும் தமிழில்தான் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"அப்புறம் ஏன்க்கா அந்தச் செருப்பத் தவிர வேற ஒண்ணுமே பேசல?"

"நீ அவரத்தான கேட்ட?"

தாளை மடித்து வைத்துக்கொண்டேன். தமிழிலேயே கேட்டேன். கால் தரையில் படுவது பஞ்சு மேல் மிதிப்பது போல் இருக்கிறது என்றார். வரப்பில் நடந்தால் இரண்டு பக்கமும் தள்ளுகிறது என்றார். ஜாக்கெட் கொக்கியை மருமகள்தான் போட்டுவிடுகிறாள் என்றார். கடைசிக் கேள்விக்கு லாரிப் பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"வந்துச்சுன்னா நிக்காதும்மா. கதவுகிட்ட போறதுக்குள்ள ஆயிடுது. இத எப்படி அவருகிட்ட சொல்லி, அவரு உன்கிட்ட சொல்றது?"

எழுப்பி நிறுத்தி, ஒரு காலின் குதிகாலை இன்னொரு காலின் விரலுக்கு முன்னால் வைத்து நடக்கச் சொன்னேன். இரண்டாவது அடியில் என்மேல் சாய்ந்தார். காலைச் சேர்த்து வைத்துக் கண்ணை மூடச் சொன்னேன். மூடியதுமே ஆட ஆரம்பித்தார். நடுவிரல் நகத்தைச் சுண்டினேன். கட்டைவிரல் தானாக உள்ளே மடங்கியது. பாடப்புத்தகத்தில் வரிசையாக இருப்பது அந்த அம்மாவிடமும் அதே வரிசையில் இருந்தது. நாலைந்து மாதமாக இருந்திருக்கிறது. இதையெல்லாம் பார்க்கப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை.

கணவர் வந்தார். சொல்ல வேண்டியதை நின்றுகொண்டே சொன்னேன்.

"கோளாறு கையில இல்லண்ணே. கழுத்துல. தண்டுவடம் நசுங்குற மாதிரி இருக்கு. உடனே நரம்பு டாக்டரப் பாக்கணும், ஸ்கேன் எடுக்கணும்."

"நீதானம்மா மணிக்கட்டுன்ன?"

"ஆமா. தப்பாச் சொல்லிட்டேன்."

அவர் தலைத்துண்டை எடுத்து உதறினார். ஒருவர் தப்பு என்று ஒப்புக்கொண்டால் அடுத்து என்ன பேசுவது என்று அவருக்குத் தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை.

"அப்ப பன்னெண்டு நாளு அந்த மெழுகு?"

"கைக்குச் சூடா இருந்திருக்கும்."

"இப்பச் சொல்றது மட்டும் சரின்னு எப்படி நம்பறது?"

நியாயமான கேள்வி. அப்படி யாரும் என்னைக் கேட்டதில்லை. நானும் என்னைக் கேட்டுக்கொண்டதில்லை. அந்த அம்மாவை மறுபடியும் நிற்கவைத்து, கண்ணை மூடச் சொல்லி, பிடித்துக்கொள்ள அவரையே பக்கத்தில் நிறுத்தினேன். மனைவி தன் கையில் சாய்ந்ததும் அவர் வேறு எதுவும் கேட்கவில்லை. லாரிக்காரரிடம் போய், "நாளைக்கு நான் இல்ல, மகன் பாத்துக்குவான்" என்றார்.

திரும்புவதற்கு முன், "அண்ணே, அன்னைக்குத் திம்மிரின்னு சொன்னப்ப உங்களத் திட்டிட்டேன்" என்றேன்.

"திட்டினியா?" என்றார். "நீ எதோ வைத்தியம் சொல்றியோன்னு நெனச்சன்."

அன்று கிரேடின் மேலேயே தாளை வைத்து நரம்பு டாக்டருக்குக் கடிதம் எழுதினேன். அதுவரை நான் எழுதிய கடிதங்களில் 'மேல் சிகிச்சைக்கு அனுப்பப்படுகிறது' என்பதற்கு மேல் ஒரு வார்த்தை இருந்ததில்லை. இதில் என்ன பார்த்தேன், அதனால் என்ன நினைக்கிறேன், முதலில் எங்கே தவறினேன் என்று மூன்று பத்தி எழுதினேன். பெங்களூரில் ஸ்கேன் எடுத்தார்கள். கழுத்தில் இரண்டு இடத்தில் தண்டுவடம் நசுங்கியிருந்தது. இரண்டு வாரத்தில் ஆபரேஷன் ஆனது. இன்னும் தாமதித்திருந்தால் நடையே போயிருக்கும் என்று டாக்டர் சொன்னதாகக் கணவர் போனில் சொன்னார். பாராட்டுவது போலவும் இருந்தது, குத்திக்காட்டுவது போலவும் இருந்தது.

ஒன்றரை மாதம் கழித்து அவர்கள் மறுபடியும் என்னிடமே வந்தார்கள். வேறு இடத்துக்குப் போயிருப்பார்கள் என்றுதான் நினைத்திருந்தேன். நடை ஐந்து மாதத்தில் திரும்பியது. ஒண்ணுக்கு அடக்க முடிந்தது. விரல் நுனி மரப்பு மட்டும் முழுசாகப் போகவில்லை. இன்றைக்கும் ஜாக்கெட்டின் மேல் கொக்கியை மருமகள்தான் போட்டுவிடுகிறாள். நான் எட்டாம் நாளே யோசித்திருந்தால் அந்தக் கொக்கியும் திரும்பியிருக்குமா என்று டாக்டரிடம் கேட்டேன். சில நாட்களில் பெரிய வித்தியாசம் இருக்காது என்றார். அவர் நல்லவர். அதனால் அந்தப் பதிலை எவ்வளவு நம்புவது என்று தெரியவில்லை.

பேரிகையில் எனக்கு ஒரு பெயர் ஏற்பட்டது. கணவர் ஏற்படுத்தியது. அங்கிருந்து இடுப்பு வலியோடு வந்த ஒரு பெரியவர் கட்டிலில் உட்கார்ந்ததும் சொன்னார்: "மொதல்ல தப்பாச் சொல்லுவீங்களாம், அப்பறம் ஊட்டுக்கே வந்து சரியாச் சொல்லுவீங்களாம். எனக்கு அந்த ரெண்டாவது சொல்றத இப்பவே சொல்லிடுங்க."

ஒரு நோட்டு வாங்கினேன். நோயாளியைத் தொடுவதற்கு முன் மூன்று வரி எழுத வேண்டும் என்று எனக்கு நானே விதி வைத்துக்கொண்டேன். என்னவாக இருக்கும் என்று நினைக்கிறேன். அது இல்லையென்றால் வேறென்ன. நான் நினைப்பது தப்பு என்று எதைப் பார்த்துத் தெரிந்துகொள்வேன். மூன்றாவது வரி எழுத ஆரம்பத்தில் அரை மணி நேரம் ஆனது. நம் நினைப்பு தப்பாக இருப்பதற்கான வழியை நாமே தேடுவது, சொந்த வீட்டில் திருடன் நுழைய இடம் பார்ப்பது போல இருந்தது. கிளினிக் முதலாளி வந்து வரிசையைப் பார்த்தார். "என்ன மேடம், பரீட்சையா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

யோசிக்கத் தெரியாதவளுக்கு யோசனை வந்தால் அளவு தெரியாது. அடுத்த இரண்டு மாதம் எல்லாரிடமும் தண்டுவடத்தைத் தேடினேன். கெண்டைக்கால் பிடித்துக்கொண்டு வந்தவரை நேர்கோட்டில் நடக்கவிட்டேன். கம்பெனியில் லேத் ஓட்டும் ஒருவர் கழுத்தின் வலது பக்கம் வலி என்று வந்தார். மத்தூரிலிருந்து தினமும் கம்பெனி பஸ்ஸில் வந்து போகிறவர். நோட்டில் ஐந்து பெரிய வியாதிகளின் பெயரை எழுதினேன். ஒவ்வொன்றாகச் சோதித்தேன். ஒன்றும் இல்லை. மூன்றாம் நாள், வேறு வழி தெரியாமல், காலையில் எழுந்ததிலிருந்து என்னென்ன செய்வார் என்று சொல்லச் சொன்னேன். பஸ் வரைக்கும் வந்தார்.

"பஸ்ல என்ன பண்ணுவீங்க?"

"தூங்குவன் மேடம்."

"எந்தப் பக்கம் சாய்ஞ்சு?"

"இடது பக்கம். ஜன்னல் சீட்டு."

"திரும்பி வரும்போது?"

"அதே சீட்டுதான் மேடம்."

தினமும் இடது பக்கம் சாய்ந்தே தூங்கினால் கழுத்தின் வலது பக்கம்தான் இழுபடும்.

"ஒரு வாரம் வலது பக்க ஜன்னல்ல உக்காந்து பாருங்க."

"அது முடியாதுங்க மேடம். அது இன்னொருத்தரு சீட்டு. ஆறு வருசமா அவருதான் ஒக்காருறாரு."

கடைசியில் தூங்காமல் வரச் சொன்னேன். அதுவும் முடியாது என்றார். கழுத்தைச் சுற்றிப் போடும் தலையணை ஒன்று வாங்கினார். பஸ்ஸில் எல்லாரும் கேலி செய்தார்களாம். வலி போய்விட்டது. பிறகு அதே பஸ்ஸிலிருந்து மூன்று பேர் கழுத்து வலியோடு வந்தார்கள். மூவருமே இடது ஜன்னல்காரர்கள்.

நானும் கிருஷ்ணகிரித் தோழியும் மாதத்தில் ஒரு ஞாயிறு அவள் வீட்டில் உட்கார்ந்து, அந்த மாதம் யாரிடம் தவறினோம் என்று ஒருவருக்கொருவர் சொல்ல ஆரம்பித்தோம். சரியாகச் செய்தவற்றைச் சொல்லக் கூடாது என்பது அவள் போட்ட நிபந்தனை. முதலில் நாங்கள் இருவர் மட்டும். பிறகு கேள்விப்பட்டு இன்னும் மூன்று பேர் சேர்ந்தார்கள். ஒரு ஆள் பேசும்போது மற்றவர்கள், "ஏன் அப்படி நெனச்ச?" என்று மட்டும்தான் கேட்க வேண்டும். இரண்டு தடவை கேட்டாலே யாருக்கும் வியர்த்துவிடும்.

ஒரு தடவை எங்களைவிடப் பல வருடம் அனுபவம் உள்ள ஒருவர் வந்திருந்தார். ஓசூரில் சொந்தமாக இரண்டு கிளினிக் வைத்திருப்பவர். எல்லாரும் சொல்லி முடிக்கும்வரை கையைக் கட்டிக்கொண்டு கேட்டார். அவர் முறை வந்ததும், "எனக்கு அந்த மாதிரி கேஸ் எதுவும் இல்லீங்க" என்றார். தோழி அவருக்கு இன்னொரு டம்ளர் காபி கொடுத்தாள். குடித்துவிட்டுப் போனார்.

அடுத்த மாதம் அவர் வரவில்லை. அதற்கடுத்த மாதம் எல்லாருக்கும் முன்னால் வந்து உட்கார்ந்திருந்தார். நாங்கள் செருப்பைக் கழற்றி உள்ளே நுழைவதற்குள்ளேயே, "ஒரு தோள்பட்டைங்க" என்று ஆரம்பித்துவிட்டார்.